உங்கள் தெருக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இன்றைய காற்றுத் தரக் குறியீடு 92 என்று செல்போன் காட்டுகிறது. பச்சை நிறம், 'திருப்தி' வகை. சரி, அந்த 92 எதனுடையது? தூசியா, புகையா, வாயுவா? அது தெரியாமல் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்றுகூட முடிவு செய்ய முடியாது. புகார் கொடுப்பது அப்புறம்.

நான் திருவொற்றியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எங்களுக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையங்கள். மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். தென்மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு, தெற்கே துறைமுகம், இடையில் கண்டெய்னர் லாரிகள். காற்று மாசுப் பாடம் நடத்த இதைவிட வசதியான ஊர் அமையாது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி திசைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரம், ஆலந்தூர், வேளச்சேரி என்று சென்னையில் பல இடங்களில் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அன்றைக்கு எந்த மாசு முதலிடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2015-ல் வந்த இந்தக் குறியீட்டில் எட்டு மாசுகள் உண்டு: பி.எம். 10, பி.எம். 2.5 (இரண்டும் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்), நைட்ரஜன் டையாக்சைடு, சல்ஃபர் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். எட்டையும் கூட்டிச் சராசரி போடுவதில்லை. எது மோசமோ அதன் எண்தான் ஊரின் எண்ணாக வெளியே வரும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பி.எம். 2.5 ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போனாலும் நம் குறியீட்டில் 'திருப்தி'தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 24 மணி நேரத்துக்குச் சொன்ன அளவு 15. வீட்டில் இளைப்பு உள்ள குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இந்த இரண்டாவது எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது, மாசு எங்கிருந்து வருகிறது என்பது. இதற்கு வாரியத்தின் இணையதளத்தில் மணிவாரியான அளவுகளை எடுக்க வேண்டும். பி.எம். 10 என்பது 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட துகள் எல்லாம். சாலைப் புழுதி, கட்டட வேலை, நிலக்கரியைக் கொட்டி அள்ளும் இடம், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் குளம் காய்ந்து கிடப்பது ஆகியவை இதை ஏற்றிவிடும். அதற்குள் அடங்கியதுதான் பி.எம். 2.5. இது பெரும்பாலும் எதையாவது எரிப்பதால் வருவது: டீசல், குப்பை, விறகு, நிலக்கரி. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.எம். 10 எகிறியிருக்க, 2.5 அதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தால் பெரும்பாலும் புழுதி. பாதிக்கு மேல் போனால் எங்கோ ஏதோ எரிகிறது. போகி விடியற்காலையில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறிப்போயின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2.5 துகள் முழுக்கத் துகளாகவே பிறப்பதில்லை. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து சல்ஃபர் டையாக்சைடு ஆகிறது. அது காற்றில் போகப் போக அம்மோனியாவோடு சேர்ந்து சல்ஃபேட் துகளாக மாறுகிறது. உயரமான புகைபோக்கி அடியில் இருப்பவர்களைக் கொஞ்சம் காப்பாற்றிவிட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பி.எஸ். 6 விதி வந்து டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது. அனல்மின் நிலையங்களின் சல்ஃபர் டையாக்சைடுக்கு 2015 டிசம்பரிலேயே வரம்பு போட்டார்கள், கெடுவைத்தான் தள்ளிக்கொண்டே போனார்கள். ஸ்கூட்டர்காரனிடம் காட்டிய கண்டிப்பைப் புகைபோக்கியிடம் காட்டவில்லை என்று நான் வகுப்பிலேயே சொல்வதுண்டு.

நேரமும் துப்புக் கொடுக்கும். காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை காற்று அசையாது. இரவுப் புகை தரையோடு கிடக்கும், அதன் மேல் வண்டிப் புகையும் சேரும். நைட்ரஜன் டையாக்சைடு காலையிலும் மாலையிலும் ஏறினால் வண்டிகளைச் சந்தேகப்படுங்கள். ஓசோனை யாரும் வெளியே விடுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து அது உண்டாகிறது, அதனால் மதியம் தாண்டித்தான் உச்சத்துக்குப் போகும். கார்பன் மோனாக்சைடு அரைகுறை எரிப்பின் விளைவு. ஈயம், பெட்ரோலில் இருந்து எடுத்தபின், பழைய பேட்டரி உருக்கும் இடங்களின் பக்கம்தான் பெரிய கவலை.

காற்றின் திசைக்குக் கருவி தேவையில்லை. மாடிக் கொடியில் காயும் துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால் போதும். வடக்கிலிருந்து வாடைக்காற்று அடித்தால் எங்களுக்கு எண்ணூர்ப் பக்கத்துக் காற்று, மேற்கிலிருந்து வந்தால் மணலி. மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் எங்களுக்கு நிம்மதி, மணலிக்காரர்களுக்கு இல்லை. மாசு ஏறிய நேரத்தையும் திசையையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் கொஞ்ச நாளில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அப்புறம் மூக்கு. எரிந்த தீக்குச்சி வாடையும் தொண்டைக் கமறலும் சல்ஃபர் டையாக்சைடு. கண்ணில் நீர் வரவைக்கும் மூத்திர வாடை அம்மோனியா. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, இது குறியீட்டின் எட்டில் இல்லவே இல்லை, பென்சீனும் இல்லை. நாற்றம் குடலைப் பிடுங்கும்போது செயலி பச்சை காட்டினால் உங்கள் மூக்கைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலான மாசுகளுக்குச் செயலி காட்டுவது 24 மணி நேரச் சராசரி, அரை மணி நேர நாற்றம் அதில் கரைந்துபோகும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் மூக்கையும் கண்ணையும் நம்பித்தான் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி ஒரு நேரம் வந்தால் ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே நடங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

வீட்டுக்குள்ளும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. சுருளைக் கொளுத்திவிட்டு ஆலையைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கொசுவலை கட்டுங்கள். துடைப்பத்தால் புழுதி கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள். என்.95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கடற்கரையோரத்தில் இருப்பவர்கள் சன்னலை விடியற்காலையில் மூடிவைத்து, கடல்காற்று கிளம்பியபின் திறக்கலாம்.

புகார் எழுதும்போது 'ஒரே நாற்றம்' என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி, ஆரம்பித்த மணி, முடிந்த மணி, காற்று வந்த திசை, என்ன வாடை, அந்த மணிக்கு அருகிலுள்ள நிலையம் காட்டிய அளவு, புகை தெரிந்தால் போட்டோ ஆகிய எல்லாவற்றையும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்புங்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக, அதே நாளில் அனுப்பினால் இன்னும் நல்லது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.