பிரச்சினை தீர்ந்த பின்னும் நிறுவனம் கற்காமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தொழிற்சாலையோ கூட்டுறவுச் சங்கமோ பாடசாலையோ, இலங்கை மலையகத்தின் எந்த நிறுவனமும் பிரச்சினைகளைத் தீர்க்காமல் ஒரு நாளையும் கடத்துவதில்லை. ஆயினும் இவ்வருடம் தீர்த்த அதே சிக்கலை அடுத்த மழைக்காலத்தில் புதிதாகத் தீர்க்க வேண்டியிருந்தால், நிறுவனம் எதையும் கற்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நான் கண்ட தவறுகளுள் மிகவும் பொதுவானது, காரணத்தைத் தேடிப் புறப்பட்டு, ஓர் ஆளின் பெயர் கிடைத்தவுடன் நின்றுவிடுவதாகும். நான் பணியாற்றிய ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, பிற்பகலில் நிறுத்து அனுப்பிய கொழுந்து அடிக்கடி சூடேறிச் சிவந்து வந்தது. அழுத்தி அடைத்த சாக்கினுள் கொழுந்து சுவாசிப்பதால் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். கசங்கிய இலை வாட்டும் தொட்டியை அடையும் முன்னரே நொதிக்கத் தொடங்கிவிடும். அதன் பின்னர் தேயிலை பதனிடலைக் கவனிக்கும் எவ்வளவு தேர்ந்த டீமேக்கராலும் இழந்த தரத்தை மீட்க முடியாது. ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது, சாக்கைக் கட்டியவரோ லொறியில் ஏற்றியவரோ கண்டிக்கப்பட்டார், இரண்டு வாரம் கொழுந்து நன்றாக வந்தது. ஏன் அழுத்தி அடைக்கிறார்கள் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்ட பிறகே, லொறியின் ஓட்டம் ஒன்று குறைக்கப்பட்டதால் வெறும் சாக்குகள் உரிய நேரத்தில் மலைக்குத் திரும்புவதில்லை என்பது தெரிந்தது. அந்த ஓட்டத்தைக் குறைத்தவர்கள் விசாரணை மேசையின் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வலியுறுத்திய ‘ஐந்து முறை ஏன்’ என்ற பழக்கம், அதாவது மூலக் காரணம் தெரியும்வரை ‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இத்தகைய இடத்துக்கே உரியது. செய்கையைத் திருத்துவதோடு நிற்பதை ஒற்றை வளையக் கற்றல் என்றும், அச்செய்கையைப் பிறப்பித்த விதியையும் எண்ணத்தையும் திருத்துவதை இரட்டை வளையக் கற்றல் என்றும் நிறுவனக் கற்றலை ஆராய்ந்த அறிஞர் கிறிஸ் ஆர்ஜிரிஸ் பிரித்துக் காட்டினார். ஆனால் அந்த ‘ஏன்’ அலுவலக அறைக்குள் மட்டும் கேட்கப்பட்டால் பயனில்லை. சாக்குத் தட்டுப்பாடு கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் கட்டளை ஒரு திசையில் மட்டுமே செல்வதால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தெரிந்தது ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, எட்டவில்லை. கண்டிப்புக்கு அஞ்சியவர்கள் சூடேறிய கொழுந்தை நல்ல கொழுந்துக்கு அடியில் மறைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

நல்ல வருமானத்தைக் கண்டு பிரச்சினை இல்லையென எண்ணுவது இன்னொரு தவறு. தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்தில், 1869இல், மலையகத்தின் மடுல்சீமையில் கோப்பி இலையைத் தாக்கும் துரு நோய் காணப்பட்டது. விளைச்சல் குறைந்தும் விலை உயர்ந்ததால் தோட்டக்காரர்கள் மேலும் நிலத்தில் கோப்பியையே நட்டார்கள். ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் 1880இல் இலங்கைக்கு வந்து, நோயின் வித்துகள் காற்றில் பரவுவதை ஆராய்ந்து விளக்கியபோது காலம் கடந்திருந்தது.

கற்றதை ஒருவரின் நினைவில் மட்டும் விட்டுவைப்பதும் ஆபத்தானது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மாற்றலாகிப் போனால் பாடமும் அவரோடு போய்விடும். தேயிலைத் துறை 1925இல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டது. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் வந்தபோது, செம்புக் கலவை தெளிக்கும் முறையைச் சோதித்து எல்லாத் தோட்டங்களுக்கும் சொல்ல, தலவாக்கலையில் ஓர் இடம் இருந்தது.

எனினும் எழுதிவைத்த அறிவும் தானாகச் செயலாகிவிடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், வேறு வீடு கிடைக்காத குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தன. ஆகவே ஒரு விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘கவனம் செலுத்தப்பட வேண்டும்’ என்று எழுதி முடிக்காமல், எதை, யார், எந்தத் திகதிக்குள், எந்தப் பணத்தைக் கொண்டு செய்வார் என்பதையும், அது செய்யப்பட்டதா என்று மடுவத்துக்கோ லயத்துக்கோ நேரில் சென்று பார்க்கப்போகிறவர் யார் என்பதையும் எழுத வேண்டும்.