குதிரைக்கு நாள்பட்ட இரைப்பா? கண்டறிவது இப்படித்தான்

இருமினால்தான் நுரையீரலில் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சுக்குழாய்களில் அழற்சி இருந்தும் அதிகம் இருமாத குதிரைகள் உண்டு. முன்பு ஐஏடி (மூச்சுக்குழாய் அழற்சி நோய்), ஆர்ஏஓ (திரும்பத் திரும்ப வரும் மூச்சுக்குழாய் அடைப்பு) என்று தனித்தனியாகச் சொன்னதை இப்போது 'குதிரை ஆஸ்துமா' என்ற ஒரே பெயரில் லேசானது, கடுமையானது என்று பிரிக்கிறார்கள்.

1. தொடாமல் பாருங்கள்

குதிரை ஓய்வாக நிற்கும்போது விலாவைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஓடி வந்ததையோ வெயிலில் நின்றதையோ எண்ணிப் பயனில்லை. வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை இயல்பு.

என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட அது படும் சிரமம்தான் முக்கியம். நலமாக உள்ள குதிரை மூச்சு விடுவது கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். மூக்குத் துளைகள் விரிந்தே இருக்கிறதா? மூச்சை வெளியே தள்ளும் கடைசியில் வயிறு இன்னொரு முறை அமுங்குகிறதா? கடுமையான ஆஸ்துமாவில் இப்படி நடக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் வயிற்றுத் தசை பருத்து, விலா ஓரமாகச் சாய்வாக ஒரு கோடு விழும். அது தெரிந்தால் நோய் பழசு. பார்த்ததை வீடியோ எடுத்து வையுங்கள்.

2. காய்ச்சல் உண்டா?

இயல்பான வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஆஸ்துமா மட்டும் இருந்தால் காய்ச்சல் வராது. காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். உடனே தனியாகக் கட்டி மருத்துவரை அழையுங்கள். கழுதையோடு மேய்கிற குதிரை என்றால் நுரையீரல் புழுவையும் நினைவில் வையுங்கள்.

3. விசாரியுங்கள்

வயது என்ன? கடுமையான வகை பெரும்பாலும் 7 வயதைத் தாண்டியவற்றில் வரும். லேசானது எந்த வயதிலும் வரலாம். காய்ந்த புல் போட்டால் மோசமாகிறதா, வெளியே விட்டால் தேறுகிறதா? பூஞ்சையும் தூசியும்தான் முதல் சந்தேகம். ஆனால் வெப்பமான, ஈரப்பதம் மிகுந்த பருவத்தில் மேய்ச்சல் நிலத்திலேயே இரைக்கும் குதிரைகளும் உண்டு.

4. ஸ்டெதாஸ்கோப்

இனி மருத்துவரின் வேலை. மூக்கின்மேல் ஒரு பையைச் சிறிது நேரம் பிடித்து, குதிரையை ஆழமாக மூச்சு விடவைத்துக் கேட்பார். ஏற்கெனவே திணறுகிற குதிரைக்கு இது கூடாது. சத்தம் எதுவும் கேட்காததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

5. உள்ளே பார்ப்பது

எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வழியாக மூச்சுக்குழலில் உள்ள சளிக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். அப்புறம் நுரையீரலைக் கழுவி எடுக்கும் சோதனை: அமைதிப்படுத்தும் ஊசி போட்டு, நீண்ட குழாய் வழியே 250 முதல் 500 மி.லி. உப்புக் கரைசலைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி, செல்களை எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 5 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு. 25-ஐத் தாண்டினால் கடுமையான வகையின் பக்கம் சாய்கிறது. லேசான வகையில் ஒவ்வாமையோடு தொடர்புள்ள மாஸ்ட் செல்களோ இயோசினோஃபில்களோ கூடியிருக்கலாம். மூச்சுக்குழலில் இருந்து எடுத்த சளியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அங்குள்ள செல்களின் விகிதம் நுரையீரலோடு ஒத்துப்போவதில்லை.

6. மறுபடி அளவிடுங்கள்

தூசியைக் குறைத்து, புல்லை நனைத்துக் கொடுத்து, சில வாரம் கழித்து முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். அதே நேரம், அதே ஆள். மூச்சு சீரானதும் மருந்தையும் கவனிப்பையும் நிறுத்திவிட வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாத நாட்களிலும் உள்ளே அழற்சி தொடரலாம். அதைக் காட்டுவது மறுபடி செய்யும் கழுவல் சோதனைதான்.