வாடை வந்தால் சோப்பைத் தேடாதீர்கள்

சித்திரை வெயிலில் காட்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வேலூர் வந்து இறங்கினால் உள்ளாடை வரை நனைந்துவிடும். அப்போது பெண்களுக்குப் பிறப்புறுப்பில் லேசாகப் புளிப்பு வாடை வந்தால் பயப்பட வேண்டாம். அதன் உட்பகுதி இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 3.8 முதல் 4.5 வரை (பிஎச் 7க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே போனால் காரம்). அங்கே குடியிருக்கும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாதான் காவல். தயிரைப் புளிக்க வைக்கிற அதே வகையறா!

குளியல் சோப்பின் பிஎச் பெரும்பாலும் 9க்கு மேல். அதை உள்ளே விட்டுக் கழுவினால் காவலையே கலைத்துவிடுகிறோம். கிருமிநாசினி ஊற்றிக் கழுவுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். வெளிப்பகுதியை மட்டும் வெறும் தண்ணீரில், முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். வாசனை ஸ்ப்ரேவும் வீண் செலவு.

அப்புறம், உள்ளாடையைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுகிற பழக்கம். யார் பார்த்தால் என்ன? வெயிலில் மொறமொறவென்று காயட்டும். ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் பையில் இன்னொரு பருத்தி ஜட்டி வைத்திருந்து மதியம் மாற்றிக்கொள்ளலாம். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்.

வெள்ளைப்படுதல் மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்து இருக்கிறதா? காவலைத் தாண்டி வேறு பாக்டீரியா பெருகியிருக்கலாம். தயிர்த்திப்பி போலப் பட்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் மெடிக்கலில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். கர்ப்பிணிகள் தள்ளிப்போடவே கூடாது.