பவுண்டேஷன் பூச விரலா, பஞ்சா, பிரஷ்ஷா? மதுரை வெயிலுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மேக்கப் பழகத் தொடங்குபவர்கள், முகத்தைச் சீராகக் காட்டப் பூசும் பவுண்டேஷனின் நிறத்தைப் பார்த்து வாங்கச் செலவிடும் நேரத்தில் கால் பங்கைக்கூட அதைப் பூசும் கருவிக்காகச் செலவிடுவதில்லை. பூசியது கன்னத்தில் திட்டுத் திட்டாக நின்றாலும், மூக்கோரத்தில் பிரிந்து வந்தாலும், பழி நிறத்தின்மேல்தான் விழுகிறது. சித்திரை, வைகாசியில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நம் ஊரில், திருப்பரங்குன்றத்து விடியற்காலை முகூர்த்தத்திற்குப் பூசியது மதியப் பந்தி வரை தாங்க வேண்டுமானால், முகத்தில் பவுண்டேஷன் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குறைவாகப் பூசியும் சீராகத் தெரியவைப்பதுதான் கருவியின் வேலை. கீழே சொல்லியிருக்கும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

முதல் படி: பவுண்டேஷனின் பதத்தைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், வீட்டில் இருக்கும் பவுண்டேஷனில் ஒரு துளியைப் புறங்கையில் விட்டுக் கையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். உடனே வழிந்தால் அது நீர்த்த திரவம். மெல்ல நகர்ந்தால் கெட்டித் திரவம். நின்ற இடத்திலேயே நின்றால் கிரீம். குச்சி வடிவில் வரும் ஸ்டிக்கையும் கிரீமோடு சேர்த்துக்கொள்ளலாம். தூளாக வருவதைச் சோதிக்கத் தேவையில்லை. திரவத்திற்குப் பஞ்சோ (மேக்கப் ஸ்பாஞ்ச்) செயற்கை இழை பிரஷ்ஷோ பொருந்தும். கிரீமுக்கு விரலும் பஞ்சும் பொருந்தும். தூளுக்கு அகன்ற, மென்மையான பிரஷ் அல்லது பஃப் (தூளை ஒற்றும் மெத்தைத் துண்டு) வேண்டும். (ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதை வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்திப் போக வேண்டாம். திரும்பி வரும்போது அது ஸ்டிக்காக இருக்காது.)

இரண்டாம் படி: சருமத்தைக் கணக்கில் எடுங்கள்

முகம் கழுவிய பிறகு ஒன்றும் தடவாமல் அரைமணி நேரம் விட்டுப் பார்த்தால், எண்ணெய் வழிகிறதா, தோல் இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும். எண்ணெய்ச் சருமத்திற்குத் திரவத்தை மெல்லிய படலமாக வைக்கும் கருவி வேண்டும். வறண்ட சருமத்தில் தோல் உரிந்திருக்கும் இடங்களைப் பிரஷ்ஷின் தேய்ப்பு எடுத்துக்காட்டிவிடும் என்பதால், அங்கே ஈரப் பஞ்சே சிறந்தது. பருக்கள் இருப்பவர்கள் எதை வாங்குவது என்பதைவிட, வாங்கியதைத் தினமும் கழுவ முடியுமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். முடியாது என்றால் நன்றாகக் கழுவிய விரல்களே போதும்.

மூன்றாம் படி: கருவிகளை அறிந்துகொள்ளுங்கள்

விரலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். உடல் சூட்டில் கிரீம் இளகித் தோலோடு ஒட்டுவதால், பிபி கிரீம் (மெல்லிய நிறம் சேர்த்த முக கிரீம்), ஸ்டிக் போன்றவற்றுக்கு விரலே தொடக்கநிலையில் நல்ல கருவி, செலவும் இல்லை. அழுத்தம் குறைவாக விழும் மோதிர விரலையும் நடுவிரலையும் பயன்படுத்தி, தேய்க்காமல் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். முகம் முழுவதற்கும் திரவம் பூசும்போது விரலின் தடங்கள் தெரியும் என்பது மட்டுமே இதன் குறை.

முட்டை வடிவப் பஞ்சை, பியூட்டிபிளெண்டர் என்ற பெயரில் உருவாக்கியவர் அமெரிக்க மேக்கப் கலைஞர் ரியா ஆன் சில்வா. காமிராவுக்கு முன் கோடுகளோ ஓரங்களோ தெரியாத பூச்சு தேவைப்பட்ட படப்பிடிப்புத் தளத்தில் பிறந்த பொருள் அது. இன்று எல்லா ஃபேன்சி ஸ்டோரிலும் அதன் சாயலில் செய்த பஞ்சுகள் தொங்குகின்றன. இதில் பலரும் தவறவிடுவது ஈரம். காய்ந்த பஞ்சு பவுண்டேஷனை உறிஞ்சிக் குடித்துவிடும். தண்ணீரில் நனைத்து, அது ஊதிப் பெருத்த பிறகு பிழிந்து, ஒரு துண்டில் சுற்றி மீண்டும் அழுத்தினால், துளைகளில் ஏற்கெனவே நீர் இருப்பதால் உறிஞ்சுவது குறையும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், அழுத்தினால் ஒரு சொட்டும் வரக்கூடாது. அந்தப் பதம்தான் சரி. சொட்டச் சொட்ட வைத்துப் பூசினால் பவுண்டேஷன் நீர்த்துப்போய், வியர்வை வரும்போது முதலில் அதுதான் ஓடும். மெல்லிய, இயல்பான பூச்சு வேண்டுபவர்களுக்கும், புதிதாகப் பழகுபவர்களுக்கும் என் முதல் பரிந்துரை பஞ்சுதான், ஏனென்றால் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டாலும் அதே பஞ்சின் சுத்தமான பக்கத்தால் ஒற்றி எடுத்துவிடலாம்.

பிரஷ்களில் மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பிரஷ்போல் தட்டையாக இருப்பது பழைய வகை. கோடு விழாமல் பூசுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும் என்பதால் தொடக்கநிலையினர் அதைத் தவிர்க்கலாம். இழைகள் நெருக்கமாக, மேற்பகுதி சமமாகவோ உருண்டையாகவோ இருக்கும் பஃபிங் பிரஷ், தழும்பையும் கருமையையும் மறைக்கும் அளவுக்குப் பூச்சு தரும். ஸ்டிப்ளிங் பிரஷ்ஷில் நீளமான வெள்ளை இழைகளும் குட்டையான கறுப்பு இழைகளும் கலந்திருக்கும். நுனி மட்டும் தோலில் படுவதால் பூச்சு மெல்லியதாக விழும், எண்ணெய்ச் சருமத்திற்கு இது ஏற்றது.

இழை எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஆட்டு முடி போன்ற இயற்கை முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. தூள் அவற்றில் தங்கும் என்பதால் தூளுக்கு அது நன்று, ஆனால் திரவத்தையும் அது இழுத்துக்கொள்ளும். வழவழப்பான செயற்கை இழை திரவத்தை உறிஞ்சாது, கழுவவும் எளிது. விலங்கின் முடி வேண்டாம் என்பவர்களும் தயங்காமல் செயற்கை இழையையே தூளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சிலிக்கான் பட்டையைப் பற்றி ஒரு வரி போதும்: பவுண்டேஷனை உறிஞ்சி வீணாக்காது, ஆனால் தோலோடு சீராகக் கலக்கவும் கலக்காது.

நான்காம் படி: கடையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்

டவுன் ஹால் ரோட்டிலோ மாசி வீதிகளிலோ எந்த ஃபேன்சி ஸ்டோரில் பிரஷ் கேட்டாலும், "அக்கா, தனியா எடுத்தா கட்டுப்படியாகாதுக்கா, செட்டாவே வாங்கிக்கங்க" என்று பன்னிரண்டு பிரஷ் அடுக்கிய ஜிப் பையை எடுத்து நீட்டுவார்கள். அதில் பவுண்டேஷனுக்கு உதவுவது ஒன்றோ இரண்டோதான். மீதி கண்ணுக்கும் உதட்டுக்கும் உரியவை, பெரும்பாலும் பையிலேயே கிடக்கும். அதே பணத்தில் ஒரு நல்ல பஃபிங் பிரஷ்ஷும் ஒரு பஞ்சும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் இழைகளைப் புறங்கையில் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். இழைகள் விரிந்து நடுவில் தோல் தெரிந்தால் அது நெருக்கம் போதாத பிரஷ். அடுத்து கன்னத்தில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். இழைகளை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் ஒன்றிரண்டு வரலாம், கொத்தாக வரக்கூடாது. கடைசியாக, பிடியையும் இழையையும் இணைக்கும் உலோகப் பூணை ஆட்டிப் பாருங்கள். இப்போதே ஆடினால், நாலு முறை கழுவியதும் கழன்றுவிடும். பஞ்சை வாங்கும்போது அழுத்திவிட்டால் மெல்ல எழும்பிப் பழைய வடிவத்திற்கு வர வேண்டும். செருப்பு ரப்பர்போல் விறைப்பாக இருந்தால் அது நனைந்தாலும் ஊதாது.

ஐந்தாம் படி: பூசிப் பாருங்கள்

மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தோலில் படிய சில நிமிடங்கள் கொடுங்கள். ஈரமாக இருக்கும்போதே பூசினால் எந்தக் கருவியாலும் அது உருண்டு வரும். பட்டாணி அளவு பவுண்டேஷனைப் புறங்கையில் எடுத்து, கருவியின் நுனியால் தொட்டு, முகத்தின் நடுவிலிருந்து தொடங்கிக் காதை நோக்கிப் போங்கள், ஏனென்றால் சிவப்பும் கருமையும் பெரும்பாலும் மூக்கைச் சுற்றித்தான் இருக்கும். பஞ்சால் ஒற்ற வேண்டும், இழுக்கக்கூடாது. பஃபிங் பிரஷ்ஷால் முதலில் ஒற்றிவிட்டு, பிறகு சிறு வட்டங்களாகச் சுழற்ற வேண்டும். பஞ்சின் கூர்முனை மூக்கோரத்திற்கும் கண்ணுக்கடிக்கும் உரியது. தாடையைத் தாண்டிக் கழுத்தில் மங்கி முடியும்வரை விட்டுவிடாதீர்கள். குளியலறை டியூப் லைட்டை நம்பாமல், ஜன்னலோரம் நின்று கண்ணாடியில் பார்த்து, மறையாத இடத்தில் மட்டும் இன்னொரு மெல்லிய படலம் வையுங்கள்.

ஆறாம் படி: கழுவுங்கள், காய வையுங்கள்

இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டில் இருந்த மேக்கப் பொருட்களில் பத்தில் ஒன்பதில் கிருமிகள் இருந்தன. பஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. பஞ்சை ஒவ்வொரு முறையும், பிரஷ்ஷை 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறையும் கழுவுவது நல்லது.

நம் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதால், சோப்புப் போட்டுக் கழுவினால் வெள்ளையாகத் திரிந்து இழைகளிலேயே படிந்து, பிரஷ் விறைத்துவிடும். சோப்புக்குப் பதிலாக மிதமான ஷாம்பூவைப் பயன்படுத்தி, கடைசி அலசலை மட்டும் வைகைத் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். எளிதில் போகாத பவுண்டேஷனாக இருந்தால், ஷாம்பூவுக்கு முன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் கரைந்து வந்துவிடும். கழுவும்போது இழைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பூணுக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் பசை இளகி, முடி உதிரத் தொடங்கும். அதே காரணத்தால் ஈர பிரஷ்ஷைக் குவளையில் நிமிர்த்தி வைக்காமல், மேசை விளிம்பில் இழைப்பகுதி வெளியே நீட்டியபடி படுக்க வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பஞ்சை ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அது கிழிந்தாலோ, கழுவியும் வாடை போகாவிட்டாலோ, கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ தூக்கி எறிந்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதிது வாங்கிவிடுங்கள்.