பழைய பிக்அப் கொதித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டாட்சனோ டொயோட்டாவோ வாங்கிய இளைஞர்கள் எஞ்சின் கொதிக்கிறது என்று வந்து நிற்கும்போது, பழுதைவிட அதற்கு அவர்கள் பார்த்த வைத்தியம்தான் அதிக வேலை வைக்கிறது. தொடக்கத்தில் நானும் செய்தவைதாம் பல. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்பது போன்றவை கையேட்டிலேயே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

"சிங்கப்பூரில் குளிர்காலமா வருகிறது, இது எதற்கு?" இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெளியே 32 டிகிரி வெயில் என்றாலும், எஞ்சின் ஒழுங்காக ஓட உள்ளே 80 முதல் 90 டிகிரி வேண்டும். சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வால்வை மூடிவைத்து, அந்தச் சூட்டைக் காப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. கழற்றிவிட்டால் விரைவுச்சாலையில் சூடு காட்டும் முள் கீழேயே கிடக்கும். எண்ணெய் சரியாகச் சூடேறாது, பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அது இல்லையென்றால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்பிவிடும். சூடு குறைய வேண்டும் என்று கழற்றியவருக்குச் சூடு கூடும்!

ஒரு தம்பியின் பிக்அப்பில் பட்டறைக்காரர் ஒருவர் இதைத்தான் செய்தார். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் முள் அசையவில்லை. "சரியாகிவிட்டது அண்ணே" என்று தம்பி செய்தி அனுப்பினார். வார இறுதியில் ஜொகூர் போகக் கிளம்பி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் மாட்டிக்கொண்டார். வண்டி ஊர்ந்தால் எதிர்காற்று ஏது? முள் சிவப்பைத் தொட்ட பிறகும், தடத்தைவிட்டு விலக வழியில்லை என்று நகர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார். இழுவை வண்டியில் வந்து சேர்ந்ததும் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன்: தே தாரே நிறத்தில் நுரை, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் காஸ்கெட் போயிற்று, அலுமினிய ஹெட்டும் வளைந்திருந்தது.

உண்மையான காரணம் ரேடியேட்டரில் இருந்தது. மேற்பகுதி கை வைக்க முடியாத சூடு, கீழ்ப்பகுதியில் திட்டுத்திட்டாகக் குளிர்ச்சி. பாதிக் குழாய்களைத் துரு அடைத்திருந்தது. கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன்மேல், திறக்க வேண்டிய சூடு 82 என்று பொறித்திருந்தது. சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டினேன். 83 டிகிரியில் அழகாகத் திறந்தது. ஒரு குற்றமும் செய்யாத பாகம்.

நீங்களும் இப்படிச் சோதிக்கலாம். வால்வை விரலால் சற்றே திறந்து இடுக்கில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிடுங்கள். திறக்கும் கணத்தில் தெர்மோஸ்டாட் நூலிலிருந்து நழுவி விழும். வெப்பமானியை அப்போது பாருங்கள். திறக்கவே இல்லையென்றால் புதிது வாங்கி மாட்டுங்கள். ஹெட்டைச் சீவும் கூலியோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. மாட்டும்போது ஆடும் சிறு ஊசி உள்ள ஓட்டை மேலே இருக்கட்டும். காற்று வெளியேற அதுதான் வழி.

வெறும் குழாய்த் தண்ணீர்

உறைபனி இல்லாத ஊர் என்பது உண்மைதான். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் திரவம் உறைவதை மட்டுமல்ல, துருவையும் தடுக்கிறது. மேலே சொன்ன ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது வெறும் தண்ணீரால்தான். அதற்காகத் தண்ணீரே கலக்காமல் ஊற்றுவதும் தவறு. கூலன்ட் தண்ணீரளவுக்குச் சூட்டைக் கடத்தாது. பாதிக்குப் பாதி போதும்.

விசிறிக் கூண்டு

விசிறியைச் சுற்றியுள்ள இந்த உறையைக் கழற்றியிருந்தால் மாட்டுங்கள்.

தளர்ந்த ரேடியேட்டர் மூடி

0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தினால் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. சுருள்வில் தளர்ந்த மூடியில் அந்த வசதி இல்லை.

டைமிங்கைப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றுவது

டைமிங் என்பது தீப்பொறி பாயும் நேரம். தீப்பொறி பிந்தினால் எரிதலும் பிந்தி, சூடு எக்சாஸ்ட் பக்கமும் ஹெட்டிலும் ஏறும். தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பினால் தீர்ந்துவிடும் கோளாறுக்குப் புது ரேடியேட்டர் வாங்கியவர்கள் உண்டு. டைமிங்கைச் சோதிக்கும் விளக்கை முதலில் எடுங்கள். அது சரியாக இருந்தால், எஞ்சினை முடுக்கி ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கவனியுங்கள்: உறிஞ்சலில் சப்பையானால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்துப் போயிருக்கிறது. ஹோஸை மாற்றுங்கள், ரேடியேட்டரை அல்ல.