பைக் பயிற்சி முடிந்ததும் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? இரவு முழுக்கக் கட்டி வையுங்கள்

முன் பிரேக் லீவரை நன்றாக அழுத்திப் பிடித்து, ஹேண்டில் கிரிப்போடு சேர்த்து அகலமான வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கட்டும் முன் பிரேக் ஆறியிருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர்தான் (லீவரோடு இணைந்து பிரேக் ஆயிலை அழுத்தும் பகுதி) ஆயில் லைனிலேயே உயரமான இடமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வைத்து, காலிப்பரையும் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) ஆயில் ஹோஸையும் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

லீவர் பஞ்சு மாதிரி ஆவது ஆயிலில் சிக்கிய காற்றால். அழுத்தத்தில் அந்தக் காற்றுக் குமிழ்கள் சுருங்கும். ஒட்டியிருந்த இடத்தை விட்டு மெல்ல மேலே ஏறும். ஆனால் லீவர் அழுந்தியிருக்கும் வரை ரிசர்வாயருக்கு (ஆயில் தொட்டி) போகும் துளை மூடியே இருக்கும். அதனால் காலையில் பட்டையை மெதுவாக அவிழ்த்து, லீவரை முதல் சில மில்லிமீட்டர் மட்டும் பத்துப் பதினைந்து முறை அசைக்க வேண்டும். குமிழ் வெளியேறுவது அப்போதுதான். பலர் இதைச் செய்யாமல் 'பலனே இல்லை' என்பார்கள்.

பிரேக் ஆயில் கொதித்துப்போயிருந்தால் இது உதவாது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்த பிறகு 155 வரைகூட இறங்கிவிடும். அந்த ஆயிலை மாற்றி, முறைப்படி ஏர் எடுத்தே (லைனில் உள்ள காற்றை வெளியேற்றியே) ஆக வேண்டும். முதல் அழுத்தில் மட்டும் லீவர் உள்ளே போய், இரண்டாவதில் கெட்டியானால் காரணம் காற்றாக இல்லாமலும் இருக்கலாம்: வளைந்த டிஸ்க்கையோ வீல் பேரிங்கையோ பாருங்கள். ஆயில் கசிவு தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.