கட்டுரை நோட்டில் ஆசிரியர் எழுதும் குறிப்பு வீணாகாமல் இருக்க

ராத்திரி முழுக்க உட்கார்ந்து இங்கிலீஷ் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தால், பிள்ளைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள், அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அதனால் முதல் வரைவுக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் கிடைத்த மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

முதல் வரைவில் இலக்கணத்தைத் தொடவே வேண்டாம். எப்படியும் பாதி வாக்கியங்கள் மாறப்போகின்றன. பிள்ளை என்ன சொல்ல வருகிறான், அது வாசிக்கிறவருக்குப் போய்ச் சேருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஒருவன் 'மை ஃப்ரெண்ட் இஸ் வெரி ஹெல்ப்ஃபுல். ஐ லைக் ஹிம்' என்று எழுதி முடித்துவிட்டான் என்று வையுங்கள். 'விரிவாக எழுது' என்று ஓரத்தில் கிறுக்கினால் அவன் இன்னும் இரண்டு 'வெரி' சேர்ப்பான், அவ்வளவுதான். 'அவன் உனக்கு உதவிய ஒரு நாளைச் சொல், அன்றைக்கு என்ன சிக்கல், அவன் என்ன செய்தான்?' என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் தன் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போன நண்பன் அடுத்த வரைவில் வந்துவிடுவான். கேள்வியாக எழுதும் குறிப்புக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும், அதுதான் அதன் பலம்.

இலக்கணம் இரண்டாவது வரைவுக்கு. பிழை திருத்துவதால் பயனே இல்லை என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் வாதிட, அதே துறையைச் சேர்ந்த டேனா ஃபெரிஸ் 1999-இல் அதை மறுத்தார், அந்த விவாதம் நெடுநாள் ஓடியது. வகுப்பறைக்கு நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒரு கட்டுரைக்கு ஒன்றிரண்டு வகைப் பிழை போதும். இந்த முறை வினைச்சொல்லின் காலம் (டென்ஸ்), அடுத்த முறை 'ஏ', 'தி'. விதி தெரிந்தால் சரிசெய்யக்கூடிய பிழைக்கு அடிக்கோடு மட்டும் போடுங்கள், விடையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 'டிபெண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஆன்' வரும் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, அதை நேரடியாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் அதே வகுப்பிலேயே கால் மணி நேரம் ஒதுக்கித் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பாடம் முடிக்க வேண்டிய அவசரம் இருக்கும், புரிகிறது. ஆனாலும் இந்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வீட்டுப்பாடமாக அனுப்பினால் பெரும்பாலும் நடக்காது. அந்த நேரத்தில் மேசை மேசையாகப் போய், குறிப்பு புரிந்ததா என்று கேளுங்கள். நாம் எழுதியதில் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்கும் முன், போன முறை கிடைத்த குறிப்பில் எதைக் கவனிக்கப் போகிறார்கள் என்று பக்கத்தின் மேலே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருத்த உட்காரும்போது முதலில் அந்த வரியைப் படித்துவிட்டு, அதில் சொன்னது நடந்திருக்கிறதா என்று பார்த்து அதற்குப் பதில் எழுதுங்கள்.